பெட்டிக் கமராவும் மலைச் சிகரமும்

ஒரு கலையின்மீது ஒருவனுக்குப் பற்று உண்டாவது எவ்வாறு என்பதை வரையறுத்துச் சொல்வது எளிதன்று. வீணை வித்துவானின் மகன் வீணையைக் கையில் எடுத்தால் அதனைக் குலவித்தை என்று கூறி அமைந்துவிடலாம். குடும்பத்தில் எவரும் தொழிலாகக் கொள்ளாத ஒரு கலை, பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டு, எண்பத்திரண்டாம் வயதில் உயிர் பிரியும்வரை விடாமலிருந்தால் அதற்குக் காரணம் யாது? இக்கேள்விக்கு அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் அன்சல் அடம்ஸ் என்பாரின் இளமைக்காலம் ஒருவாறு விடை பகர்கின்றது.

அன்சல் அடம்ஸ் 1902ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி கலிபோர்னியா மாநிலத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரிலே பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. மர வாணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய பாட்டனாரின் குடும்பம் அது. நகரின் நெருக்கத்துக்கு அப்பால், கடலும் மணல்மேடுகளும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வீடு. சிறுவனுக்கு நான்கு வயது நடக்கும்போது, 1906ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில், சான் பிரான்சிஸ்கோவை அழித்த பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. முதல் அதிர்ச்சியில் அவனுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. பின்னர் வந்த சிறிய அதிர்ச்சியொன்று அவனைத் தோட்டத்து மதிலிலே மோதித் தள்ளிற்று. அன்று உடைந்த மூக்கு வாழ்நாள் முழுவதும் ஒருபுறம் கோணியவாறே இருந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவிலே உண்டான பண நெருக்கடியில் குடும்பத்தின் செல்வமும் சரியத் தொடங்கியது.

இத்தகைய வீட்டில் வளர்ந்த அன்சலுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க அவனால் இயலாது. சாளரத்துக்கு வெளியே காற்றும் முகிலும் அழைத்துக்கொண்டிருக்க, கரும்பலகையைப் பார்த்திருப்பது அவனுக்குத் தண்டனையாகவே தோன்றிற்று. ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாற்றியும் பயன் விளையவில்லை. பிறருடைய தந்தையாயின் பிரம்பை எடுத்திருப்பர். சார்ள்ஸ் அடம்ஸ் பிரம்பை எடுத்தாரல்லர். தொழிலால் வணிகராயினும் வானநூலில் ஈடுபாடு கொண்ட அவர், மகனைப் பள்ளியிலிருந்து விலக்கி வீட்டிலேயே கல்வி கற்பித்தார். 1915ஆம் ஆண்டு, பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டதைக் கொண்டாடுமுகமாகச் சான் பிரான்சிஸ்கோவிலே ஓர் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதற்கு ஓராண்டு அனுமதிச் சீட்டை வாங்கி மகன் கையிலே கொடுத்து, இவ்வாண்டு இதுவே உன் பள்ளி என்று அனுப்பிவிட்டார் தந்தையார். பொறிகளின் மண்டபம், ஓவிய மண்டபம், இசை அரங்கு ஆகியவற்றை அச்சிறுவன் நாள்தோறும் சுற்றிவந்தான்.

இதற்குள் அவனுக்கு ஒரு பிடிப்பும் கிடைத்திருந்தது. பன்னிரண்டு வயதில் வீட்டிலிருந்த பியானோவைத் தானே தட்டிப் பழகத் தொடங்கியிருந்தான். மகனின் ஆற்றலைக் கண்ட பெற்றோர் ஆசிரியையொருவரை அமர்த்தினர். சிறிய பிழையையும் பொறுக்காதவர் அவ்வாசிரியை. ஒரு சுரம் பிசகினாலும் மீண்டும் முதலிலிருந்தே வாசிக்க வேண்டும். எவருக்கும் அடங்காத சிறுவன் இந்த ஒழுங்குக்கு அடங்கினான். அவன் பியானோ வித்துவான் ஆவான் என்று வீட்டார் அனைவரும் நம்பினர், அவனும் நம்பினான். அவ்வாறிருக்கையில்தான் 1916ஆம் ஆண்டு பிறந்தது.

அவ்வாண்டு தடிமனால் படுக்கையிற் கிடந்த மருமகனுக்குப் பொழுதுபோக்காக, அவ்வீட்டிலே உடன் வாழ்ந்த சிற்றன்னை ஒரு நூலைக் கொடுத்தார். சியரா நெவாடா மலைத்தொடரின் நடுவேயுள்ள யொசெமிட்டிப் பள்ளத்தாக்கைப் பற்றி ஹச்சிங்ஸ் என்பார் எழுதிய பழைய நூல் அது. அதனைப் படித்து முடித்த சிறுவன், அவ்விடத்துக்கே போகவேண்டும் என்று பெற்றோரை ஓயாது நச்சரித்தான். அவ்வாண்டுக் கோடை விடுமுறைக்கு யொசெமிட்டியே முடிவாயிற்று.

யொசெமிட்டி, நேயர்கள் மனக்கண்ணால் கண்டு மகிழத்தக்க இடமாகும். முற்காலத்திலே பனியாறுகள் கருங்கல் மலையைக் குடைந்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு அது. நீளம் ஏறக்குறைய ஏழு மைல். இருபுறமும் செங்குத்தான கற்சுவர்கள். மொத்தம் 2,425 அடி உயரத்திலிருந்து படிப்படியாக வீழும் யொசெமிட்டி அருவி ஒருபுறம். பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியிலே, கும்மட்டமொன்றை வாளாற் பிளந்து ஒரு பாதியை அகற்றிவிட்டாற்போல நிற்கும் பாறை மறுபுறம். அதற்கு ஹாவ் டோம், அதாவது அரைக் கும்மட்டம், என்றே பெயர். புகையிரதத்தில் வந்து, பின்னர் திறந்த மோட்டார் வண்டியிலே மலைப்பாதையால் பள்ளத்தாக்கினுள் புகுந்த அச்சிறுவனுக்கு, எங்கு திரும்பினும் ஒளியாகவே தோன்றிற்று. அந்த முதற் காட்சியை அவர் முதுமையிலும் மறக்கவில்லை.

சென்ற சில நாட்களுக்குள் பெற்றோர் அவனுக்கு ஒரு பரிசு வழங்கினர். கொடாக் நிறுவனத்தாரின் பிரௌனிப் பெட்டிக் கமரா அது. 1900ஆம் ஆண்டில் ஒரு டொலர் விலைக்கு முதன்முதலாக விற்பனைக்கு வந்து, செல்வந்தர் கையிலிருந்த படப்பிடிப்பைச் சிறுவர் கைக்கும் கொண்டுவந்த கமராவின் இனம். கெட்டி அட்டையாலான பெட்டி, முன்புறத்தில் ஒரு சிறு வில்லை, ஒரு விசை, உள்ளே ஒரு பிலிம் சுருள். தூரத்துக்கு ஏற்பத் திருப்புவதற்கோ, ஒளியின் அளவை நுட்பமாகக் கூட்டிக் குறைப்பதற்கோ அதில் வசதியில்லை. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அசையாமல் நின்று விசையை அழுத்தவேண்டும், அவ்வளவே.

அக்கமராவுடன் சிறுவன் பள்ளத்தாக்கெங்கும் திரிந்தான். ஒருநாள், தங்கள் கூடாரத்துக்கு அண்மையில் இற்றுப்போன மரக்குற்றி ஒன்றின் மீதேறி ஹாவ் டோமைப் படம் பிடிக்க முயன்றான். குற்றி சரிந்தது. தலைகீழாக விழும்போது அவன் விரல் தன்னையறியாமல் விசையை அழுத்திவிட்டது. சிறுவனுக்கும் காயமில்லை; கமராவுக்கும் சேதமில்லை. பிலிமைக் கழுவிக் கொடுத்த கடைக்காரர், இந்த ஒரு படம் மட்டும் தலைகீழாக இருக்கிறதே, கமராவைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்தாயோ என்று வியப்புடன் வினவினாராம். வானம் கீழும் மலை மேலுமாக மாறிக் கிடந்த அந்தப் படத்தை, பிற்காலத்தில் தமக்கு மிக விருப்பமான பிள்ளைப்பருவப் படங்களுள் ஒன்றாக அடம்ஸ் போற்றினார்.

இச்சம்பவம் நகைப்புக்குரியது போலத் தோன்றினும் சிந்தனைக்கும் உரியது. அன்று அவன் பிடித்த படங்கள் கலைப்படைப்புகள் அல்ல. உல்லாசப் பிரயாணிகள் எடுக்கும் படங்களைப் போன்றவையே. ஆயினும் அவற்றின் மூலம் ஒன்று நிகழ்ந்தது. பள்ளியிலே பத்து நிமிடமும் அமைதியாய் இருக்கவியலாத சிறுவன், ஒரு பாறையின்மீது வெயில் விழும் நேரத்துக்காக ஒரு முற்பகல் முழுவதும் காத்திருக்கப் பழகினான். அவனுக்குள் இருந்தது அடங்காமை அன்று. பார்ப்பதற்கான பசியே என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அவ்வாண்டு தொடங்கி, உயிருள்ளவரை ஒவ்வோராண்டும் அவர் யொசெமிட்டிக்குச் சென்றுவரத் தவறவில்லை.

பற்று உண்டாவது ஒருநாட் செயலாகலாம். அது நிலைப்பதற்கோ உழைப்பு வேண்டும். ஊர் திரும்பிய அன்சல், பிராங்க் டிட்மன் என்பாருடைய படம் கழுவும் தொழிலகத்தில் 1917, 1918ஆம் ஆண்டுகளிற் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தான். பிறர் எடுத்த பிலிம் சுருள்களைச் சேகரித்தல், இருட்டறையிலே கழுவுதல், உலர்த்துதல், தாளில் அச்சிடுதல் ஆகியவையே வேலை. கல்யாண வீட்டுப் படமும் கடற்கரைப் படமும் ஆயிரக்கணக்கில் அவன் கைகளினூடே சென்றன. எந்தப் படத்தில் ஒளி மிகுந்தது, எதில் குறைந்தது, ஏன் முகம் கறுத்தது, ஏன் வானம் வெளிறியது என்பவற்றையெல்லாம் அவன் பிறர் பிழைகளிலிருந்து கற்றுக்கொண்டான். 1917ஆம் ஆண்டில் எட்டாம் வகுப்பைத் தேறியதோடு அவனுடைய முறையான பள்ளிப்படிப்பு முடிவுற்றது. எஞ்சிய கல்வியை இருட்டறையும் மலையும் பியானோவும் வழங்கின.

பதினேழாம் வயதில், மலைகளைப் பாதுகாக்கும் நோக்குடைய சியராக் கழகத்தில் அவர் உறுப்பினரானார். 1920ஆம் ஆண்டு முதல் சில கோடைகாலங்கள் யொசெமிட்டியிலுள்ள அக்கழக விடுதியின் காவலராகவும் பணிபுரிந்தார். கோடையில் மலை; மழையிலும் குளிரிலும் நகரத்து வீட்டில் இசைப் பயிற்சி. மலையில் இருக்கும்போது விரல்கள் பழக்கம் மறவாதிருக்க ஒரு பியானோ வேண்டுமே! அதுவும் கிடைத்தது. பள்ளத்தாக்கிலே படக்கூடம் நடத்திய ஓவியர் ஹரி பெஸ்ற் வீட்டில் ஒரு பியானோ இருந்தது. அங்கே வாசிக்கச் சென்ற இளைஞர், ஓவியரின் மகள் வேர்ஜீனியாவைக் கண்டார். 1928ஆம் ஆண்டு சனவரி மாதம் அவ்விருவருக்கும் அந்த வீட்டிலேயே திருமணம் நிறைவேறியது.

இருபது வயதைக் கடந்த இளைஞரின் உள்ளத்தில் இப்போது இரு காதல்கள் குடியிருந்தன. இசையே தொழில், படமோ பொழுதுபோக்கு என்பதே வீட்டாரின் கணக்கு. அதில் நியாயமும் உண்டு. குடும்பத்தின் செல்வம் கரைந்துபோன பின்னரும், மகனின் இசைக்கல்விக்காகத் தந்தையார் செலவிட்ட பணமும் பொறுமையும் சிறியனவல்ல. படம் பிடிப்பவனை அக்காலத்திற் கலைஞன் என்று எண்ணியவர்களும் மிகச் சிலரே. புகைப்படத்தைக் கலை என்று காட்ட விரும்பியோர், வில்லையை மங்கச் செய்தும் அச்சிலே தூரிகை கொண்டு திருத்தியும், படத்தை ஓவியம் போல் ஆக்க முயன்ற காலம் அது. அடம்ஸும் தொடக்கத்தில் அம்முறையைக் கையாண்டு பார்த்தவரே. பாறையின் கூர்மையைக் கண்ணாற் கண்டு மயங்கியவருக்கு அந்த மங்கல் நெடுநாள் நிறைவளிக்கவில்லை.

1927ஆம் ஆண்டு ஏப்ரில் 10ஆந் திகதி அவர் வாழ்விலே மறக்கவொண்ணாத நாள். இருபத்தைந்து வயது இளைஞராகிய அவர், வேர்ஜீனியாவும் நண்பர் சிலரும் உடன்வர, பள்ளத்தாக்கிலிருந்து செங்குத்தான மலையிடுக்கு வழியே ஏறத் தொடங்கினார். ஹாவ் டோமின் நேரெதிரே வெளியில் நீண்டிருக்கும் பாறை விளிம்பு ஒன்றை அடைவதே நோக்கம். முதுகிலே பெரிய கமராவும், முக்காலியும், பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளும். பல இடங்களிலே பனி கிடந்தது. வழியில் எடுத்த சில படங்கள் காற்றினாலும் கவனக்குறைவினாலும் கெட்டன. விளிம்பை அடைந்தபோது மீந்திருந்தவை இரண்டே தகடுகள். ஹாவ் டோமின் வெட்டுமுகமோ அப்போது நிழலில் இருந்தது. காத்திருந்தார். பிற்பகலில் வெயில் மெல்லத் திரும்பிப் பாறை முகத்தைத் தடவியது.

வழக்கமான மஞ்சள் வடிகண்ணாடியை வில்லையின்முன் பொருத்தி முதலாவது தகட்டை ஒளிபடச் செய்தார். செய்து முடித்த கணமே அவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. படத்தில் வானம் வெளிறித் தோன்றும். பாறை சரியாகவே இருக்கும். ஆனால் இங்கே நிற்பவனின் நெஞ்சை அமுக்கும் அந்த மாபெரும் கம்பீரம் தகட்டிலே வராது. அப்படியாயின் எது வேண்டும்? கறுத்த வானம், அதன்முன் எழுந்து நிற்கும் பாறை, கீழே பளிச்சிடும் பனி. இவ்வாறு முடிந்த படத்தை மனத்திலே முழுமையாகக் கண்டபின்னர், ஆழ்ந்த சிவப்பு வடிகண்ணாடியைப் பொருத்தினார். சிவப்புக் கண்ணாடி வானத்து நீல ஒளியைத் தடுத்துவிடும். ஆதலால் கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலவானம் ஏறக்குறையக் கருமையாகும். வெண்பனியோ தன் வெண்மையை இழவாது. ஆனால் அக்கண்ணாடி ஒளியையும் பெரிதும் குறைக்குமாதலின் தகட்டை ஐந்து வினாடி திறந்துவைக்க நேர்ந்தது. இறுதித் தகடு, மறுமுறைக்கு வாய்ப்பில்லை.

அன்றிரவு தகட்டைக் கழுவியபோது அவர் மனத்திற் கண்டது அங்கே இருந்தது. "மொனொலித்" எனப் பெயர்பெற்று உலகெங்கும் அறியப்படும் படம் அதுவே. பார்த்ததை அப்படியே பிடிப்பதன்று படக்கலை. உணர்ந்ததைப் பார்ப்பவனும் உணருமாறு முன்னரே மனத்தில் அமைத்துக்கொள்வதே படக்கலை என்ற தெளிவு அவருக்கு அந்தப் பாறை விளிம்பிலே பிறந்தது. பதினொரு ஆண்டுகளின் முன் அதே மலையைக் குறிவைத்து, தலைகீழாக விழுந்த சிறுவன், இப்போது தலை நிமிர்ந்து அம்மலையைக் கைக்கொண்டான் எனலாம்.

ஆயினும் இசையைக் கைவிட அவருக்கு மனம் எழவில்லை. அதே 1927ஆம் ஆண்டில், அல்பேட் பெண்டர் என்னும் புரவலரின் ஆதரவால் பதினெட்டுப் படங்கள் கொண்ட தொகுப்பொன்று வெளிவந்தது. அப்போதும் அவர் பியானோ மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தவரே. முடிவான கணம் 1930ஆம் ஆண்டில், நியூ மெக்சிக்கோ மாநிலத்துத் தாவோஸ் என்னும் ஊரில் வந்தது. அங்கே போல் ஸ்ற்ராண்ட் என்னும் பெரும் புகைப்படக் கலைஞரைச் சந்தித்தார். காட்டுவதற்கு அச்சிட்ட படங்கள் ஸ்ற்ராண்டிடம் இல்லை. நெகட்டிவ்களையே எடுத்து, வெள்ளைத் தாளொன்றின்மேல் சாளர ஒளியில் வைத்துக் காட்டினார். கருமையும் வெண்மையும் இடம்மாறிக் கிடந்த அச்சிறு பிலிம்களிலே அடம்ஸ் ஒரு புதிய உலகைக் கண்டார். படக்கலையும் ஒரு பெருங்கலையே. அதுவே தம் வழி என்று அங்கேயே உறுதி கொண்டார்.

முடிவைக் கேட்ட தாயாரும் சிற்றன்னையும் கலங்கினர். பியானோவை விட்டுவிடாதே, மனித ஆன்மாவைக் கமராவினால் வெளிப்படுத்த இயலுமா என்று அவர்கள் மன்றாடினர். கமராவினால் இயலாமற் போகலாம், அதனைக் கையாள்பவனால் இயலும் என்பதே மகனின் மறுமொழியாக அமைந்தது. இதனை எதிர்த்துப் பேசிய பேச்சாகக் கொள்ளல் தகாது. தனக்காகப் பல்லாண்டு காத்திருந்தவர்களின் நம்பிக்கையை ஒருவன் திசைமாற்றும்போது, அந்த நம்பிக்கைக்குத் தானே பொறுப்பேற்றுக்கொள்ளும் சொல்லாகவே கொள்ளவேண்டும்.

அவ்வாறு பொறுப்பேற்றார் என்பதற்கு அவர் பின்னைய வாழ்வே சான்று. 1932ஆம் ஆண்டு, கூர்மையான தெளிவே படக்கலையின் இயல்பு எனக் கொண்ட கலைஞர் சிலருடன் சேர்ந்து எஃப் 64 என்னும் குழுவை அமைத்தார். சியரா மலையின் கிங்ஸ் கன்யன் பகுதியைக் காப்பாற்றுவதற்காகத் தம் படங்களைத் தலைநகர் வாஷிங்டன் வரை கொண்டுசென்று வாதாடினார். 1940ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாயிற்று. மிக இருண்ட கருமையிலிருந்து தூய வெண்மைவரை ஒளியைப் பதினொரு படிகளாக வகுத்து, எடுக்குமுன்னரே அளந்துகொள்ளும் முறையொன்றைப் பிரெட் ஆச்சர் என்பாருடன் இணைந்து வகுத்தார். எண்களையும் அளவுகளையும் வெறுத்துப் பள்ளியை விட்டோடிய சிறுவன், ஒளியை அளக்கும் கணக்கை உலகுக்குக் கற்பித்தது காலத்தின் விநோதம் அன்றோ!

இசையை அவர் இழந்தாரா? இல்லை. நெகட்டிவ் என்பது இயற்றியவர் எழுதிவைத்த இசைக்குறிப்பைப் போன்றது, அச்சுப்படம் அதனை வாசித்துக் காட்டும் கச்சேரியைப் போன்றது என்று அவர் பலமுறை விளக்கியுள்ளார். ஒரே நெகட்டிவை முப்பது நாற்பது ஆண்டுகளின் பின்னரும் மீண்டும் இருட்டறைக்குக் கொண்டுசென்று, புதிதாக வாசிப்பது போலப் புதிதாக அச்சிட்டார். பிழை நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்கு என்று பியானோ ஆசிரியை புகட்டிய ஒழுக்கம் இருட்டறையிலே கனிந்தது. தந்தையார் இசைக்காகச் செலவிட்ட பணத்தில் ஒரு சதமும் வீணாகவில்லை.

1984ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் அன்சல் அடம்ஸ் காலமானார். மறு ஆண்டு, யொசெமிட்டித் தேசியப் பூங்காவின் எல்லையிலுள்ள சிகரமொன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மலையைப் பார்த்து வளர்ந்தவன் பெயரை மலையே தாங்கி நிற்கின்றது.

இக்காலத்திலே கமரா இல்லாத கை அரிது. கைத்தொலைபேசியினுள்ளேயே அது வந்து அமர்ந்துவிட்டது. ஒரு பிரயாணத்தில் ஆயிரம் படம் எடுப்பினும் செலவில்லை. எடுத்ததை மறுமுறை நோக்குவாரும் இல்லை. கையிலே இரண்டே தகடுகளுடன் வெயிலுக்காகக் காத்திருந்த இளைஞரின் கதை இங்கேதான் பொருளுடையதாகின்றது. கருவி மலிந்துவிட்டது, காத்திருத்தலும் கூர்ந்து நோக்கலும் மலியவில்லை. அவற்றை ஒவ்வோர் இளைஞனும் தானே உழைத்துப் பெறவேண்டும்.

பெற்றோருக்கும் இக்கதை ஒன்றைக் கூறுகின்றது. அடங்காத பிள்ளைக்குப் பொருட்காட்சிச் சீட்டு வாங்கிக் கொடுத்த தந்தையும், நோயுற்ற மருமகனுக்கு ஒரு பழைய நூலைக் கொடுத்த சிற்றன்னையும், விடுமுறையிலே ஒரு சிறிய அட்டைப் பெட்டியைப் பரிசளித்த தாயும், இவற்றின் முடிவு யாதாகும் என்று அறிந்து கொடுத்தவர்களல்லர். எந்தக் கொடை எந்தக் கதவைத் திறக்கும் என்பது கொடுப்பவருக்குத் தெரிவதில்லை. கொடுத்துவிட்டு, மரக்குற்றியின்மீது பிள்ளை ஏறும்போது சற்றுத் தள்ளி நின்று பார்த்திருப்பதே அவர்கள் செய்யத்தக்கது.